ஏசியா, ஜன்னலா? திருவாரூர்–தஞ்சாவூர் சாலைக்கு ஒரு பெட்ரோல் கணக்கு

கேள்வி: திருவாரூரிலிருந்து வாரம் இரண்டு முறை அப்பாவைச் சிகிச்சைக்காகத் தஞ்சாவூர் அழைத்துப் போகிறேன். எட்டு வருடமான பெட்ரோல் ஹேட்ச்பேக். லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்த வண்டி, ஏசி போட்டால் 14-க்கு இறங்கிவிடுகிறது. ஜன்னலைத் திறந்து ஓட்டினால் அதைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஏசியில் கேஸ் குறைந்துவிட்டது, ஏற்றினால் மைலேஜ் திரும்பிவிடும் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் வண்டியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் போகும் சாலையில் ஏசி போட்டு ஓட்டினால் இப்படித்தான் இறங்கும்.

காரணம் எளிது. ஏசி கம்ப்ரசர் எஞ்சினோடு பெல்ட்டில் கட்டப்பட்டிருக்கிறது. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது அதற்குப் பொருட்டில்லை. எத்தனை மணி நேரம் சுற்றியது என்பதுதான் கணக்கு. சிறிய காரில், நம் ஊர் வெயிலில், மணிக்குச் சுமார் அரை லிட்டர் பெட்ரோல் ஏசிக்கென்றே போகும். தஞ்சாவூர் போய்த் திரும்ப ஏறத்தாழ 120 கி.மீ. கொரடாச்சேரி, நீடாமங்கலம், அம்மாப்பேட்டை என்று ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஊர்ந்து போய்வர மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 18 என்றால் ஓட்டத்துக்கு 6.7 லிட்டர். ஏசிக்கு ஒன்றே முக்கால் லிட்டர். மொத்தம் 8.4 லிட்டர். 120-ஐ 8.4-ஆல் வகுத்தால் 14.3. உங்கள் கணக்கும் இதுவும் ஒத்துப்போகிறது, பாருங்கள். இதே வண்டி நான்குவழிச் சாலையில் ஒரே சீராக 80-இல் ஓடினால், அதே ஏசி லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்தான் குறைக்கும்.

டெல்டாவில் ஏசிக்கு வேலையும் அதிகம். காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் அது பிழிந்தெடுக்க வேண்டும். நிறுத்திய வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். அதைப் பார்த்து ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.

இனி ஜன்னல். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 40-இல் இருக்கும் எதிர்ப்பு 80-இல் நான்கு மடங்கு; ஒரு மணி நேரத்தில் ஓடும் தூரமும் இரு மடங்கு. ஆகவே 40-இல் நான்கு ஜன்னலையும் முழுக்கத் திறந்து வைத்தாலும் செலவு மணிக்கு ஐம்பது மில்லியைத் தாண்டாது. 80-இல் முந்நூறு மில்லியைத் தொடும். 90-ஐத் தாண்டும்போதுதான் ஜன்னலும் ஏசியும் ஒன்றுக்கொன்று சரியாக வரும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அதற்கு மேல்தான் உண்மை. திருவாரூர்–தஞ்சாவூர் சாலையில் 90-ஐ எங்கே தொடுவது? தஞ்சாவூரிலிருந்து திருச்சி வரை போகும்போது மட்டும் ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஜன்னலை ஏற்றி, ஏசி பொத்தானை அணைத்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி லீவரை மாற்றி, புளோயரை மட்டும் இரண்டில் வையுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பும் மார்கழி, தை மாதங்களிலும் இதுவே போதும். பெட்ரோல் செலவு கணக்கில் வராது.

நின்ற வண்டியில் ஏசி ஓடுவதுதான் பெரிய விரயம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் கால் லிட்டருக்கு மேல் புகையாகப் போகும், ஒரு அடிகூட நகராமல். மேம்பாலம், சாலை விரிவாக்கம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர்களின் கோப்பில் இந்தப் பெட்ரோல் எந்த வரியிலும் ஏறுவதில்லை. உங்கள் பையிலிருந்துதான் போகிறது. கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணையுங்கள். அப்பாவுக்கு வேர்த்தால் நான்கு ஜன்னலையும் இறக்கிவிடுங்கள்.

விளம்பரத்தில் போடுகிறார்களே, லிட்டருக்கு 22, 24 என்று, அதை அளவுகோலாக வைத்து மனம் நோகாதீர்கள். அது ஆய்வகத்தில் உருளைமேல் வண்டியை ஏற்றி, ஏசியை அணைத்து எடுத்த எண். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் யார் கார் ஓட்டுகிறார்கள்? ஏசி போட்டு ஒரு எண், போடாமல் ஒரு எண் என்று இரண்டையும் ஷோரூமிலேயே எழுதி ஒட்டச் செய்திருந்தால், கேஸ் ஏற்றச் சொல்லும் இந்த வியாபாரம் பாதி படுத்திருக்கும்.

இப்போது அந்தக் கேஸ். பெட்ரோல் போல அது எரிந்து தீரும் பொருள் அல்ல; மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் குழாய்கள் வழியே பல வருடங்களில் கொஞ்சம் குறையலாம். வருடா வருடம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் சில நூறு ரூபாய்க்கு ‘டாப் அப்’ செய்பவர், அடுத்த கோடையிலும் உங்களை வரவழைக்கிறார். அதைவிடக் கேடு, தேவையில்லாமல் ஏற்றுவது. கேஸ் அளவுக்கு மேல் போனால் குழாயில் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் திணறும், குளிர்ச்சி குறையும், மைலேஜும் இன்னும் இறங்கும். மைலேஜுக்காக ஏற்றிய கேஸே மைலேஜைத் தின்னும்.

கேஸ் குறைவா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். ஓடும்போது ஜில்லென்று இருந்து, கேட்டில் நின்றதும் காற்று வெதுவெதுப்பானால், வண்டியின் முன்னால் உள்ள கண்டென்சருக்கு, அதாவது கேஸின் சூட்டை வெளியே விடும் தகட்டு அடுக்குக்கு, காற்று போதவில்லை. ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். காற்று குளிராகத்தான் வருகிறது, ஆனால் வேகமில்லை என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், பெரும்பாலான வண்டிகளில் கையாலேயே கழற்றலாம். ஓட்டத்திலும் குளிர்ச்சி இல்லை, கம்ப்ரசர் சில விநாடிக்கு ஒரு முறை ‘டக், டக்’ என்று விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்டென்சர் விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. அறுவடை நேரத்தில் சாலையோரம் முழுக்க நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்கிறார்கள். காயவைக்கப் போதுமான களம் கட்டித் தரவில்லை. விவசாயி வேறெங்கே போவார்? அந்தப் பதரும் வைக்கோல் தூசும் கண்டென்சர் இடுக்குகளில் போர்வைபோல் படிந்துவிடும். குறுவை முடிந்ததும் ஒரு முறை, சம்பா முடிந்ததும் ஒரு முறை, எஞ்சின் ஆறியபின் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். முடிந்தால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக. பிரஷர் வாஷர் வேண்டாம். மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கேஸ் ஏற்றத்தான் வேண்டும் என்றால் முறை இது. முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான். பிறகு பழைய கேஸை இயந்திரத்தில் முழுதாக எடுத்து, குறைந்தது அரைமணி நேரம் வேக்குவம் போட்டு (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெற்றிடமாக்கி), அந்த வெற்றிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, எடை போட்டு ஏற்ற வேண்டும். எவ்வளவு என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய ஹேட்ச்பேக்குகளுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். ‘எத்தனை கிராம் ஏற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள். மீட்டர் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்பு. உங்கள் வண்டி வயதுக்கு ஆர்-134ஏ கேஸாகத்தான் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று தீப்பற்றும் கலவைக் கேஸை நிரப்புபவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டரின் பெயரைப் படித்துவிட்டுத்தான் திறக்க விடுங்கள்.

பழைய கார் புரோக்கர்களின் வேலையும் இதுதான். விற்கும் நாளன்று கேஸை ஏற்றி, ‘ஏசி ஐஸ் மாதிரி’ என்பார்கள். பத்து நாளில் வெறும் காற்றுதான் வரும். வாங்குவதாக இருந்தால் பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை ஏசியைப் போட்டுப் பாருங்கள்.

அப்பாவை வியர்க்கவிட முடியாது என்பது புரிகிறது. ஏசியைப் போடுங்கள், சரியாகப் போடுங்கள். வெயிலில் நின்ற வண்டியை முதல் இரண்டு நிமிடம் ஜன்னல் திறந்து ஓட்டி வெந்த காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஜன்னலை ஏற்றி, உள்காற்றே சுற்றும் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் வண்டியில் சாதாரணத் திருகு ஏசி என்றால், குளிர்த் திருகை நடுவில் வைத்தால் மிச்சம் என்று நினைக்காதீர்கள். கம்ப்ரசர் குளிர்வித்த காற்றில் எஞ்சினின் சூட்டைக் கலந்து தருகிறது, அவ்வளவுதான். திருகை முழுக் குளிரில் விட்டு, புளோயரைக் குறையுங்கள். உள்ளே குளிர்ச்சி சீக்கிரம் எட்டும், கம்ப்ரசர் அடிக்கடி ஓய்வெடுக்கும்.

மழைக்காலத்துக்கு மட்டும் மேலே சொன்ன சிக்கனம் எதுவும் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகையில் பெட்ரோலை மிச்சப்படுத்த ஏசியை அணைத்து, ஜன்னலையும் ஏற்றி ஓட்டினால், மூச்சுக்காற்றும் நனைந்த துணியும் சேர்ந்து முன்கண்ணாடியில் ஈரம் படிந்து வெளுத்துவிடும். இருபுறமும் வாய்க்கால் ஓடும் சாலையில் அது உயிருக்கு ஆபத்து. கையால் துடைக்காதீர்கள், விரல் பிசுக்கில் இன்னும் வேகமாகப் படியும். முதலில் வைப்பரை ஒரு முறை போடுங்கள். போகவில்லையென்றால் படிவு உள்பக்கம். ஏசியைப் போட்டு, உள்காற்றுப் பொத்தானை எடுத்துவிட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, குளிர்த் திருகைச் சற்றே சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள். ஏசி காற்றை உலர்த்தும், சூடு கண்ணாடியை உலர்த்தும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். வைப்பர் போட்டதும் படிவு போய்விட்டால் அது வெளிப்பக்கம். கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. அப்போது நேர்மாறு: குளிர்ச்சியைக் குறைத்து, காற்றை முன்கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள். விடியற்காலையில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகம் வரும்.