உடன்பாடு இல்லாதவர்கள் ஒரே கட்டுரையை எப்படி எழுதுகிறார்கள்?

ஒருவரையொருவர் அறியாத, வெவ்வேறு நாடுகளையும் கொள்கைகளையும் சேர்ந்த மனிதர்கள் இணையத்தில் கூடிப் பொதுவான அறிவுத் தொகுப்பு ஒன்றை எவ்வாறு உருவாக்க முடிகிறது, அது சண்டையில் முடிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் எழுதி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: சண்டை வரத்தான் செய்கிறது. ஆனால் எது சரி என்பதில் ஒத்துப்போகாதவர்களும், எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்ற விதிமுறையில் ஒத்துப்போனால் வேலை நடந்துவிடுகிறது.

ஓர் ஆற்றைப் பற்றிய கட்டுரையில் நானே சிக்கிக்கொண்ட வழக்கு இது. ஆற்றின் நீளத்தை ஒரு நூலைப் பார்த்து எழுதியிருந்தேன். மறுநாள் ஒருவர் அதை நீக்கிவிட்டு வேறோர் எண்ணை இட்டார். நான் பழையபடி மாற்றினேன். அவர் மறுபடியும் மாற்றினார். அப்போது மூன்றாமவர் ஒருவர் எங்கள் இருவரையும், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று உள்ள உரையாடல் பக்கத்துக்கு அழைத்து, எந்த எண் சரி என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் எங்கிருந்து அளக்கப்பட்டது என்று மட்டும் கேட்டார். தேடிப் பார்த்ததில், என் நூல் ஆற்றின் பெயரைத் தாங்கிய ஓடையின் ஊற்றிலிருந்தும், அவருடைய நூல் அதைவிட நீளமான ஒரு துணையாற்றின் தொடக்கத்திலிருந்தும் அளந்திருந்தது தெரிந்தது. இப்போது அந்தக் கட்டுரையில் இரண்டு எண்களும், அவை வேறுபடும் காரணமும், உரிய சான்றுகளுடன் இருக்கின்றன. நான் ஒருவனே எழுதியிருந்தால் அந்த விளக்கம் எனக்குத் தோன்றியே இருக்காது.

இத்தகைய வழக்கு தீர்வதற்கு இரண்டு ஏற்பாடுகள் காரணம். ஒவ்வொரு மாற்றமும் பக்க வரலாற்றில் பதிவாவதால், தவறான மாற்றத்தை எளிதில் திருப்பிவிடலாம். ஆகவே முன்பின் தெரியாதவரையும் நம்பி உள்ளே விட முடிகிறது. இரண்டாவது, கருத்தை உண்மையென்று அறிவிக்காமல், இன்னார் இவ்வாறு சொல்கிறார் என்று சான்றுடன் எழுதும் நடுநிலை விதி. இவ்விதி இல்லாவிட்டால் எதிரெதிர்க் கொள்கையினர் ஒரே பத்தியில் ஒரு நாள்கூட நீடிக்க மாட்டார்கள்.

முதல் ஏற்பாட்டின் அருமையை உணர நியூப்பீடியாவைப் பார்க்க வேண்டும். 2000-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை வெளியாவதற்கு முன் ஏழு கட்ட நிபுணர் ஆய்வைக் கடக்க வேண்டியிருந்ததால், முதல் ஆண்டில் ஏறத்தாழ 20 கட்டுரைகளே நிறைவடைந்தன. அதற்குத் துணையாக 2001 ஜனவரியில் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவோ, முதலில் எழுதிப் பின்னர் திருத்தலாம் என்று முறையைத் தலைகீழாக மாற்றியதால், ஓராண்டுக்குள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எட்டியது.

கருத்து வேறுபாடு தடையல்ல, மூலப்பொருள் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவை ஆராய்ந்து 2019-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வெளியான கட்டுரை, இடதுசாரிகளும் வலதுசாரிகளும் கலந்து எழுதிய பக்கங்கள், ஒரே சார்புடையோர் எழுதியவற்றைவிடத் தரத்தில் மேம்பட்டிருந்ததைக் காட்டியது.

எல்லாக் கூட்டுப்பணிக்கும் விவாதம் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007-இல் தொடங்கிய கேலக்சி ஜூ திட்டத்தில், விண்மீன் மண்டலப் படங்களின் வடிவத்தைத் தன்னார்வலர்கள் பலர் இணையத்தில் தனித்தனியே வகைப்படுத்தினர். ஒரே படத்தைப் பலரும் பார்த்ததால் தனிநபர் பிழைகள் கரைந்துபோயின. ஆனால் அங்கும், படம் ஒன்றில் தெரிந்த விசித்திரமான நீலத் திட்டைக் கண்டு இது என்னவென்று கேட்டவர் வானியலாளர் அல்லர். ஹன்னி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை. வகைப்படுத்தும் வேலையில் கேட்கப்படாத அந்த ஐயத்தைக் கேட்க அவருக்கு இடம் இருந்ததால்தான் அத்திட்டு வானியலாளர்களின் ஆய்வுக்கு வந்தது.

என்னை வருத்தும் குறை ஒன்று உண்டு. அனுபவசாலிகள், புதியவர் சான்றின்றி எழுதியதைக் காரணம் கூறாமல் நீக்கிவிடுகிறார்கள். அவர் திரும்பி வருவதில்லை, அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியும் அவரோடு போய்விடுகிறது. நானும் அப்படி நீக்கியிருக்கிறேன். இப்போது புதியவரின் வரிக்கு முதலில் நானே சான்று தேடுகிறேன். கிடைக்காவிட்டால், அது எங்கே படித்தது என்று அவருக்குச் செய்தி எழுதுவதற்கான பேச்சுப் பக்கத்தில் கேட்டுவிட்டுச் சில நாள் காத்திருக்கிறேன்.