திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு: டாக்டரிடம் உங்கள் வேலையையும் சொல்லுங்கள்

கேள்வி: "எனக்கு 34 வயது. பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். ஆறு மாதத்தில் நாலு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மாத்திரை போட்டால் சரியாகிறது, அப்புறம் மறுபடியும் வருகிறது. சாயங்காலம் ஆனால் தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி அசதி. பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அதனால் தண்ணீர் குறைவாகத்தான் குடிப்பேன். வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். குழு லோன் ஓடுகிறது. என் உடம்புதான் பலவீனமா? வேலையை விட்டுவிடுவதுதான் வழியா?"

பதில்: உடம்பு பலவீனம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "தண்ணீர் குறைவாகத்தான் குடிப்பேன்." மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

டாக்டரான நானும் கேட்காமல் விட்டவள்தான். பல வருடங்களுக்கு முன், குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குக் குமட்டலுக்கும் தலைச்சுற்றலுக்கும் மூன்று முறை மாத்திரை கொடுத்து அனுப்பினேன். நான்காவது முறை அவர் விரல் நுனிகளைப் பார்த்த பிறகுதான் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். நாள் முழுக்க மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர். புகையிலைத் தூள் பறக்கிற அதே அறையில்தான் சமையல், அதிலேயேதான் தூக்கம். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்றும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700இலேயே எழுதி வைத்திருக்கிறார். நாங்கள்தான் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். அதனால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் நாலு சென்டிமீட்டர்தான். கிருமி சுலபமாக ஏறிவிடும். அடிக்கடி சிறுநீர் போனால் அது அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஐந்தாறு மணி நேரம் அடக்கினால் அங்கேயே தங்கிப் பெருகும். வேலூர் பக்கத்து வெயிலில் வியர்வையிலேயே பாதித் தண்ணீர் போய்விடுவதால், இருக்கிற கொஞ்சமும் கெட்டியாகி எரிச்சல் தரும். மாத்திரை அந்த முறை வந்த கிருமியைக் கொல்லும். மறுநாள் அதே லைனில் அதே மாதிரி உட்கார்ந்தால் அடுத்த கிருமி வராமல் என்ன செய்யும்?

நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்த பெண்களை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் தினம் ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவ்வளவு எளிமையான மருந்து. ஆனால் உங்களுக்கு அது எளிமையானது இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் மருத்துவ வேலையை முடிப்போம். அடுத்த முறை கடுப்பு வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே யூரின் கல்ச்சருக்கு (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுங்கள். எந்த மாத்திரைக்குக் கிருமி கட்டுப்படும் என்று அதில்தான் தெரியும். பாதியில் எரிச்சல் நின்றாலும் மாத்திரையை முழுதாகச் சாப்பிடுங்கள், மீந்ததை எடுத்து வைத்து அடுத்த முறைக்குப் போடாதீர்கள். சர்க்கரையும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் அதையும் சொல்லியாக வேண்டும்.

ஹீமோகுளோபினை ஏன் சேர்த்தேன்? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை. காலையில் டீயும் பன்னுமாகக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களின் சாயங்கால அசதியில் இதற்குப் பெரிய பங்கு இருக்கும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதை டீயோடு போடாதீர்கள், உடம்பில் சேராது. காலையில் கொஞ்சம் களியோ கூழோ உள்ளே போனால் பாதி நாள் நிற்கும்.

தலைவலிக்கு வேறு ஒரு சந்தேகமும் இருக்கிறது. உங்கள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சொல்யூஷன் தடவுகிறார்களா? ஷூ ஒட்டும் பசையில் டொலுயீன், ஹெக்சேன் போன்ற ஆவியாகும் கரைப்பான்கள் இருக்கலாம். தலைவலி, கிறுகிறுப்பு தருபவை. ஹெக்சேன் வருடக்கணக்கில் சேர்ந்தால் நரம்பைப் பாதித்துக் கால் விரல்கள் மரத்துப் போகும். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், இந்த ஆவி தாராளமாகப் புகுந்துவிடும். டப்பாவை மூடி வைப்பதும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும்தான் உதவும். தின்னரால் கை கழுவவே வேண்டாம். லீவு நாளில் தலைவலி இல்லாமல் இருந்து, வேலை நாளில் வந்தால், அதைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி கஷ்டமான பகுதி, பாத்ரூம் அனுமதி. தொழிலாளர் ஆலையில் இருக்கும் நேரமெல்லாம் எப்போது வேண்டுமானாலும் போய்வரக்கூடிய கழிப்பறை இருக்க வேண்டும் என்பது 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்ட விஷயம். நீங்கள் கேட்பது சலுகை இல்லை. ஆனாலும் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். இந்தக் கடுப்பு உங்கள் லைனில் இன்னும் மூன்று பேருக்காவது இருக்கும், வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருப்பார்கள். டீ நேரத்தில் பேசிப் பாருங்கள். நாலு பேராகச் சேர்ந்து, ஒருவர் எழுந்தால் மிஷினில் உட்கார ஒரு ரிலீவர் வேண்டும் என்று கேளுங்கள். டார்கெட் குறையாமல் நடக்கிற வழியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சூப்பர்வைசர் மறுப்பது கஷ்டம். ஷூ வாங்கும் வெளிநாட்டு கம்பெனி (பையர்) சார்பில் ஆலை நிலைமையைச் சோதிக்க ஆடிட் வந்து உங்களிடம் பேசினால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லண்டனில் 1967இல் தொடங்கிய ஆய்வு ஒன்று ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களைப் பல வருடம் கவனித்தது. எல்லாம் அலுவலக வேலைதான். ஆனாலும் பதவியில் கடைசிப் படியில் இருந்த ஆண்கள் இதய நோயால் இறந்தது, மேல் படியில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. பின்னால் வந்த ஆய்வுகள், தன் வேலையில் தனக்கு எவ்வளவு சொல்லுரிமை இருக்கிறது என்பதற்கும் இதில் பங்குண்டு என்று காட்டின. எழுந்து போகக்கூட இன்னொருவர் தலையாட்ட வேண்டும் என்ற நிலை உடம்பையும் தின்கிறது.

பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். எழுந்ததும் இரண்டு டம்ளர், சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு லிட்டர், பஸ் ஏறுவதற்குள் இன்னொரு லிட்டர். ஷிப்ட் தொடங்கும் முன், டீ, சாப்பாடு, மறுபடி டீ, பஸ்ஸுக்கு முன், இந்த ஐந்து நேரமும் அவசரம் இல்லாவிட்டாலும் போய் வாருங்கள். பாலாற்றுப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டுக் கிடப்பது எல்லோருக்கும் தெரிந்தது. கம்பெனித் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் வீட்டிலிருந்து பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

வேலையை விடச் சொல்கிறவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் சம்பளம் நின்றால் லோன் தவணை நிற்காது, சாப்பாடு குறையும், தூக்கம் போகும். அதுவும் நோய்தான். அதற்குப் பதில், விடியற்காலைத் தண்ணீர் பிடிப்பதையாவது வீட்டில் வேறு ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். கால் மரத்துப் போவது தொடங்கினால் மட்டும் தாமதிக்காமல் செக்‌ஷன் மாற்றிக் கேளுங்கள்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் கல்ச்சர், ஸ்கேன் எல்லாம் கைக்காசு இல்லாமல் பார்க்கலாம். ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. டாக்டரிடம் அந்த ஓய்வுச் சீட்டை வாங்கும்போதே என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை முறை எழுந்து போக முடிகிறது என்று மூன்று வரி எழுதி எடுத்துப் போய் டாக்டர் மேசையில் வைத்துவிடுங்கள்.