தேய்ந்துகொண்டிருக்கும் சிறு நகரத்தில் நல்ல வேலையில் இருந்தும் ஊரை விட்டுப் போகத் தோன்றுகிறது. இது தவறா?

தவறில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் இதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

27 வயது, படிப்புக்கேற்ற வேலை சொந்த ஊரிலேயே கிடைத்திருக்கிறது, ஆனாலும் மூச்சு முட்டுகிறது, போக நினைத்தால் பெற்றோர் முகம் கண்ணில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. "சொந்த வீடு, வீட்டுச் சாப்பாடு, வாடகை கிடையாது, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். உங்களோடு படித்தவர்களில் பெரும்பாலோர் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். தீபாவளிக்கு வந்து, "கொடுத்து வைத்த ஆள் நீ, நிம்மதியான ஊர்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவார்கள். அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) முடித்த பெண். சொந்த ஊர் நாகப்பட்டினம். சென்னையில் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்புக்கான அலுவலகப் பயிற்சி) முடித்துவிட்டு, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த சமயத்தில் ஊருக்குத் திரும்பி வெளிப்பாளையத்தில் சின்னதாக அலுவலகம் போட்டேன். புதிய வரி, புதிய முறை, ஊரில் எல்லா வியாபாரிகளுக்கும் ஆள் தேவைப்பட்ட நேரம் அது. சில ஆண்டுகள் நடத்தினேன். இப்போது சென்னை நுங்கம்பாக்கத்தில் வேலை, குரோம்பேட்டையில் வீடு.

நாகையை யாரும் பட்டிக்காடு என்று நினைத்துவிட வேண்டாம். 1861-இலேயே தஞ்சாவூருக்கு ரயில் ஓடிய ஊர் அது. ரயில்வே பணிமனை அங்கேதான் இருந்தது. 1920-களின் கடைசியில் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா, அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் என்று கப்பல் போய் வந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. 1991-இல் தஞ்சாவூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 1997-இல் அதிலிருந்து திருவாரூர் போனது, 2020-இல் மயிலாடுதுறை போனது. நடுவில் 2004 சுனாமி. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. 2018 நவம்பரில் கஜா புயல். ஒவ்வொரு முறையும் ஊர் எழுந்து நின்றது, ஆனால் முன்பிருந்த உயரத்துக்கு எழவில்லை.

இதைப் படித்ததும் சிலர் மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியில் 1,02,905 பேர். 2001-ஐ விட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைகளை எண்ணினால் ஊரின் நிலை தெரியாது. மாதாமாதம் கடைகளின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவள் சொல்கிறேன்: ஆட்கள் இருந்தார்கள், வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். சம்பாதிக்கிற வயதுப் பிள்ளைகள் வெளியூரில். அவர்கள் அனுப்பும் பணம் வங்கிக்கு வரும், அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போகும், மிச்சம் நகைக்கடைக்கு. துணிக்கே திருவாரூருக்கும் கும்பகோணத்துக்கும் போனார்கள்.

தொடங்கியபோது என் மேசைக்கு வந்த வேலை புதிய ஜி.எஸ்.டி. பதிவுகள். கஜாவுக்குப் பிறகு பதிவை ரத்து செய்யும் விண்ணப்பங்கள் வர ஆரம்பித்தன. கொரோனாவுக்குப் பிறகு அவைதான் அதிகம். என் வயதில் ஒரு ஆடிட்டர் கடைகளைத் திறந்துவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் மூடி வைப்பதில் தேர்ந்துகொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு பெட்டிக் கடை. பெட்டி என்றால் பயணப் பெட்டி. சூட்கேஸ், தோள்பை, பள்ளிப் பை எல்லாம் விற்றார்கள். உரிமையாளர் எழுபதைக் கடந்த பாய். அவருடைய தந்தை கப்பல் ஏறுகிறவர்களுக்கு டிரங்குப் பெட்டி விற்பதற்காகவே தொடங்கிய கடை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், கடையைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. மூடிவிடலாம் என்று முடிவு செய்து என்னைக் கூப்பிட்டார்.

பதிவை ரத்து செய்யும்போது, கையில் நிற்கும் சரக்கை வாங்கும்போது கட்டி, முன்பே கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது அந்தச் சரக்குக்கான விற்பனை வரியைக் கட்ட வேண்டும். இரண்டில் எது அதிகமோ அது. அதனால் மிச்சச் சரக்கை ஒன்று விடாமல் எண்ணியாக வேண்டும். அவரே கோடு போட்ட நோட்டில் எண்ணி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் "தகர டிரங்கு, பெரியது 4, சிறியது 7" என்று இருந்தது. பரணில் கிடந்தவை. கப்பல் நின்ற காலத்தில் தங்கிப்போனவை. மதிப்பே இல்லாத பெட்டிகளுக்கு என்ன விலை போடுவது என்று கேட்டேன். "விலை நீ போட்டுக்கொள். இருப்பதை இல்லையென்று எழுதக் கூடாதும்மா" என்றார். எழுதினேன்.

விண்ணப்பத்தை அனுப்பும் கட்டத்தில் கடவு எண் (ஓ.டி.பி.) அவருடைய கைபேசிக்கு வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தூரப் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். நான் தட்டச்சு செய்தேன். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது, ரத்து ஆணை வந்து மூன்று மாதத்துக்குள் இறுதிப் படிவம் ஒன்று மட்டும் பாக்கி என்றேன். என் கட்டணத்தை அன்றே, பேரம் பேசாமல், எண்ணி வைத்தார். ஊரில் எனக்குச் சொன்ன நாளில் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கடையை மூடியவர்கள்தான். இதைக் கசப்போடு சொல்லவில்லை, நடந்தது அது.

மற்றவர்கள் "பொங்கல் கழியட்டும்", "கந்தூரி முடியட்டும்" என்பார்கள். வரிப் பணத்தையே இருபதாம் தேதி தாண்டித்தான் அனுப்புவார்கள். தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய் ஏறும். அது ஆடிட்டர் பார்த்து முன்பே முடித்திருக்க வேண்டிய விஷயம் என்று என்னிடமே கோபித்துக்கொள்வார்கள். கடைக்கு நேரில் போனால் முதல் கேள்வி, "சார் வரவில்லையா?" நான்தான் ஆடிட்டர் என்றால், "சரி பாப்பா, உட்கார்." பிறகு கணக்கைப் பற்றி ஐந்து நிமிடம், கல்யாணத்தைப் பற்றி அரை மணி நேரம். அப்போது என் தொழிலில் விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. ஒருவர் சொல்லி மற்றவர் வர வேண்டும். ஊர் முழுக்க என்னைத் தெரிந்தவர்கள். அத்தனை பேருக்கும் நான் இன்னாருடைய மகள். இன்னாருடைய மகளிடம் கட்டணம் பேசுவதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற இடத்தில் தொழில் எப்படி நடத்துவது?

அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். வயது ஏறினால் மரியாதை வரும், பணமும் வரும். நான் கிளம்பியது வேறு காரணத்துக்காக. எனக்கு மேலே யாரும் இல்லை. ஒரு வணிகருக்கு வரித்துறையிலிருந்து சிக்கலான நோட்டீஸ் வந்தால் பதிலை எப்படிக் கட்டமைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆள் இல்லை. இருந்த மூத்தவர்கள் இருவர். ஒருவர் ஓய்வு பெறும் மனநிலையில், இன்னொருவர் பழைய விற்பனை வரிக் காலத்தை விட்டு வெளியே வரவில்லை. எனக்குக் கீழேயும் யாரும் இல்லை. பி.காம். முடித்த பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுப்பேன். கற்றுக்கொண்டதும் சென்னையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் போய்விடுவார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுப்படிகள் உடைந்த ஏணியில் ஒருத்தி எத்தனை காலம் நின்றுகொண்டிருப்பது?

"எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே, எங்கே உட்கார்ந்தால் என்ன?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அதிகாரியை நேரில் பார்க்காமலே வருமான வரி மதிப்பீடு நடக்கும் முறை 2020-இல் வந்துவிட்டது, உண்மை. நோட்டீஸ் கணினியில் வரும், பதிலும் கணினியில் போகும். ஆனால் அந்தப் பதிலை எழுதும் திறமை கணினியில் வருவதில்லை. இன்று என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி, தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதிய வரைவை எடுத்து, முதல் பத்தியைக் கடைசிக்கும் கடைசிப் பத்தியை முதலுக்கும் மாற்றச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். சி.ஏ. நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம், வருமான வரி அலுவலகம், ஜி.எஸ்.டி. அலுவலகம் எல்லாம் நுங்கம்பாக்கத்தில் ஒரே சாலையில். சாயங்காலம் கருத்தரங்கம் இருந்தால் நடந்து போகிறேன். நாகையிலிருந்து இதற்கு ஒரு நாள் வேலையையும் ஓர் இரவுத் தூக்கத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது.

இதனால் சென்னையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று எண்ண வேண்டாம். இந்த ஊரில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது. நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் வரப்போகிறீர்கள் என்றால் தெரிந்துகொள்ளுங்கள். "குடும்பத்துக்கு மட்டும்" என்ற பலகை. அதைத் தாண்டினால், என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், யார் யார் பார்க்க வருவார்கள் என்ற விசாரணை. அதையும் தாண்டினால் பத்து மாத முன்பணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்த "வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால்" என்ற இடத்தில்தான் எல்லோரும் பத்து மாதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். நான் இதைச் சொன்ன வீட்டுக்காரர் ஒருவர், "சட்டம் பேசுகிறவர்களுக்கு வீடு கொடுப்பதில்லை" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலைக்கு வந்த முதல் ஆண்டே லட்சத்துக்கு மேல் ஒரு பிள்ளை எங்கிருந்து புரட்டுவது? சிறு ஊர்ப் பிள்ளைகள் விடுதி அறையில் நான்கு பேராக நெருக்கிக்கொண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம். சட்டத்தில் அந்த ஒரு சொற்றொடரை எடுத்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாகையிலேயே இருந்து நன்றாக வாழ்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அரசுப் பணியில் இருப்பவர்கள், படகும் மீன் ஏற்றுமதியும் பார்ப்பவர்கள், 2022-இல் திறந்த மருத்துவக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் தொழில் அந்த ஊரில் வளர்கிறது, இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி நான் ஒரு வரியும் எழுதவில்லை. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது எங்கள் வீட்டில் எல்லோரும் போய்ப் பார்த்தோம். சில நாளில் மழைக்காலம் என்று நிறுத்தினார்கள், அடுத்த ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. ஊர் எழுந்தால் என்னைவிட மகிழ்கிறவர்கள் இருக்க முடியாது. ஆனால் எழும் வரை 27 வயதில் ஒருவர் காவல் காக்க வேண்டும் என்று கேட்பது நியாயம் இல்லை. ஊரைத் தேய விட்டது நீங்கள் அல்ல. பணிமனையை எடுத்தபோதும் மாவட்டத்தைப் பிரித்தபோதும் உங்களைக் கேட்கவில்லை. துரோகம், நன்றி மறந்தவன் என்ற பேச்சையெல்லாம் உங்கள் தலையில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

பெற்றோரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா சென்னைக்கு வர மறுத்துவிட்டார். நீலாயதாட்சி அம்மன் கோயிலும், காலை நடையும், அதே டீக்கடை நண்பர்களும் இல்லாமல் அவரால் முடியாது. அம்மாவுக்கும் அதே நிலைதான். வற்புறுத்துவதை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது, அப்பாவின் மருத்துவ அட்டையும் மருந்துப் பட்டியலும் அந்த அக்காவின் போனிலும் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டை நான் கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி முடித்தேன். நீங்களும் அதை முதலில் செய்யுங்கள். வேலை தேடுவது அதன் பிறகு.

வீடு பார்க்கும்போது அலுவலகத்துக்குப் பக்கம் என்று மட்டும் பார்க்காதீர்கள். டெல்டா பக்கம் உங்கள் ஊர் என்றால் தாம்பரத்தை ஒட்டிப் பாருங்கள். எழும்பூரிலிருந்து கிளம்பும் காரைக்கால் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் காலையில் வீட்டில் இருக்கலாம், ஞாயிறு இரவு திரும்பலாம். பொங்கல், தீபாவளி டிக்கெட்டை மட்டும் முன்பதிவு திறக்கும் காலையிலேயே எடுத்துவிடுங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் காத்திருப்புப் பட்டியல்தான்.