கிடப்பில் போட்ட கேள்வி

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. எட்டு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். முன்னைக்கு இப்போது தேவலை. ஆனால் காதில் குரல் கேட்பது அடியோடு நிற்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருக்கிறான். வேலைக்குப் போகட்டுமா என்று ஒருமுறை கேட்டான். முழுசாகக் குணமானதும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இன்னும் எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: தம்பி வேலைக்குப் போகக் கேட்டிருக்கிறார். உங்கள் கடிதத்தில் இருக்கும் நல்ல சேதி அதுதான். அதைக் கிடப்பில் போட்டுவிட்டு என்னிடம் தேதி கேட்கிறீர்கள்!

குரல் நின்ற பிறகுதான் வாழ்க்கை என்பது நீங்களாகப் போட்டுக்கொண்ட வரிசை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மனநல மருத்துவமனையில், இனித் தேறமாட்டார்கள் என்று வருடக்கணக்காகப் பின்வார்டில் கிடந்த 269 பேரை, 1950களில் இருப்பிடமும் வேலையும் துணையும் ஏற்பாடு செய்து வெளியே அனுப்பினார்கள். அவர்களைப் பற்றி கோர்ட்னி ஹார்டிங் என்ற ஆய்வாளரின் குழு 1987இல் எழுதியது. மருத்துவமனையில் முதலில் சேர்ந்து சராசரியாக 32 ஆண்டு கழித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் நன்றாகத் தேறியோ முழுக்க மீண்டோ இருந்தார்கள்.

வேலையிலும் இப்படித்தான். வருடக்கணக்காகப் பயிற்சி கொடுத்து அப்புறம் வேலை என்பதை விட, நேரே சம்பள வேலையில் சேர்த்துவிட்டுக் கூடவே ஒருவர் துணை நிற்கும் முறை பல நாடுகளில் நன்றாகப் பலித்திருக்கிறது. அதில் சேர ஒரே தகுதி, வேலைக்குப் போகும் விருப்பம். அது தம்பியிடம் இருந்தது.

மாத்திரை தொடரட்டும். குரல் நிற்காததை மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றிப் பார்க்க வழி உண்டு. 'சும்மாதான் உட்கார்ந்திருக்கிறான்' என்பதை மட்டும் நிறுத்துங்கள். ஓயாமல் குறை சொல்லும் வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று ஜார்ஜ் பிரவுன் முதலான ஆய்வாளர்கள் லண்டனில் கண்டு அறுபது வருடம் ஆகிறது. நோயைத் திரும்ப வரவழைப்பவை என்ற அவர்கள் பட்டியலில் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பதும் உண்டு.

ஒருமுறை மறுத்துவிட்டீர்கள். இப்போது கேட்டால் உடனே 'சரி' என்று சொல்வாரா என்பது சந்தேகம்தான். பட்ரீசியா டீகன் என்ற உளவியலாளருக்கு 17 வயதில் இதே நோய். மாதக்கணக்காக நாற்காலியே கதி என்று கிடந்தவரிடம், கடைக்கு வருகிறாயா என்று பாட்டி தினமும் கேட்பாராம். தினமும் 'இல்லை' என்பாராம் இவர். பாட்டி ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை. ஒருநாள் இவர் 'சரி' என்றார். அன்று கடையில் சாமான் போடும் தள்ளுவண்டியைத் தள்ளியது மட்டும்தான் செய்த வேலை.

நீங்களும் ஒரு நாளைக்கு ஒரு தடவை கேளுங்கள்.