சால்மன் மீன்கள் ஏன் ஒரே நேரத்தில் ஆற்றில் ஏறுவதில்லை?

முட்டையிட வரும் சால்மன்களில் சில ஜூனிலேயே ஆற்றில் ஏற, சில ஆகஸ்ட் வரை கடலில் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்கை முட்டையிலிருந்து தொடங்குங்கள். குளிர்ந்த நீரில் முட்டை பொரிய நாள் அதிகம் பிடிக்கும். குஞ்சுகளோ வசந்தத்தில், இரை கிடைக்கும் வேளையில் கூழாங்கற்களுக்கு அடியிலிருந்து வெளிவர வேண்டும். அதனால் நீர் எவ்வளவு குளிரோ, அவ்வளவு முன்னதாகத் தாய் முட்டையிட வேண்டியிருக்கிறது.

அடுத்தது தூரம்: முட்டையிடும் இடம் தொலைவென்றால் முன்னதாகவே கிளம்ப வேண்டும். அலாஸ்காவின் யூக்கான் ஆற்றில் பனிக்கட்டி உடைந்தபின், ஜூனில் சினூக் என்னும் சால்மன் இனம் நுழையும். சில கனடாவுக்குள் சுமார் 3,000 கிலோமீட்டர் வரை போகும். கோஹோ என்னும் இனம் ஆகஸ்டில்தான் வரும். இந்த நாட்காட்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது; நீரின் வெப்பமும் ஓட்டமும் அதைச் சற்று முன்பின் நகர்த்தும்.

என்னை உருக்குவது ஒன்று: ஆற்றுக்குள் வந்தபின் அவை இரையே எடுப்பதில்லை. சாக்கை சால்மனின் வெள்ளி உடல் சிவந்து, தலை பச்சையாகி, கடலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே மேலேறுகிறது.