உப்புக்காத்துக்குள்ள பழைய சிவிக்: எதைக் கழட்டலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: என்னட்ட 1993 ஹொண்டா சிவிக் எஸ்ஐஆர், ஈஜி6 எண்ட மொடல் கார் இருக்கு. பாரம் குறைச்சா நல்லா இழுக்கும் எண்டு பின் சீற், ஏசி, பம்பருக்குள்ள இருக்கிற இரும்பு, சத்தம் குறைக்கத் தகட்டுல ஒட்டியிருக்கிற தார் ஷீற் எல்லாத்தையும் கழட்டச் சொல்லி கூட்டாளிமார் சொல்லினம். செய்யலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: பாரம் குறைக்கலாம் தம்பி, ஆனா அவை சொன்னதுல முக்கால்வாசி வேண்டாம். உங்கட கார் சுமார் 1050 கிலோ, பி16ஏ எஞ்சின் 170 குதிரைசக்தி, அதுல 50 கிலோ குறைஞ்சாலே இன்னும் 8 குதிரைசக்தி கூடின அளவுக்கு இழுவை வரும், அதோட பிறேக்குக்கும் ரயருக்கும் வேலை குறையும், எஞ்சின்ல காசைக் கொட்டினா இந்த ரெண்டாவது லாபம் கிடைக்காது.

முதல்ல ஹொண்டா போட்டதை விடுங்கோ, பிறகு வந்த ஆக்கள் பூட்டினதைக் கழட்டுங்கோ. டிக்கிக்குள்ள சப்வூஃபர் பெட்டி, அம்ப், பெரிய 17 இஞ்சி ரிம். ரிம்ல ஒரு கிலோ குறையிறது கார் உடம்புல ஒரு கிலோ குறையிறதை விடப் பெறுமதி, ஏனெண்டா ரிம் சுத்தவும் வேணும், பள்ளம் மேட்டுல ஏறி இறங்கவும் வேணும். பாரமில்லாத 15 இஞ்சி ரிம் போட்டா நிலாவெளி றோட்டுல முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

பிறகு டிக்கி கார்ப்பெற்றைத் தூக்கிப் பாருங்கோ. இந்த மொடல்ல பின் லைற் ரப்பர் காய்ஞ்சா மழைத்தண்ணி நேர ஸ்பெயார் வீல் குழிக்குள்ளதான் இறங்கும். கால் வைக்கிற இடத்து கார்ப்பெற்றுக்குக் கீழ இருக்கிற பஞ்சையும் கையால அமத்திப் பாருங்கோ, தண்ணி கசிஞ்சா அதுவே கிலோக்கணக்குல சும்மா சுமக்கிற பாரம், கழட்டி வெயில்ல நல்லா காயவிடுங்கோ. தார் ஷீற் ஓரம் கிளம்பி அதுக்குக் கீழ செம்மண் மாதிரி கறள் உதிர்ந்தா அந்தத் துண்டை மட்டும் எடுத்து, கறளைச் சுரண்டி, அண்டைக்கே ப்ரைமர் அடிச்சுப் போடுங்கோ. நல்லா ஒட்டியிருக்கிறதைத் தொடாதீங்கோ, எங்கட கடல்காத்துல வெறும் தகடு கன நாள் தாங்காது.

பம்பர் இரும்பும் கதவுக்குள்ள இருக்கிற கம்பியும் கட்டாயம் இருக்கவேணும். 1992ல ஹொண்டா தங்கட என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காரின்ர பாரம் குறைஞ்ச வகையான டைப் ஆர் செய்யேக்க சுமார் 120 கிலோ குறைச்சவை, ஸ்பெயார் வீலைக்கூட எடுத்தவை, ஆனா பம்பர் இரும்பை எடுத்துப்போட்டு வெறுமையா விடயில்லை, அதே வேலைக்கு அலுமினியத்துல செய்து போட்டவை. உயிரோட விளையாடுற இடத்துல அவைக்கே அவ்வளவு கவனம் எண்டா எங்களுக்கு எவ்வளவு இருக்கவேணும்!

பின் சீற்றும் வேண்டாம். உங்கட காருக்கு ஏற்கனவே முன்பக்கம்தான் பாரம், பின்னுக்கு இன்னும் குறைச்சா சடன் பிறேக் அடிக்கேக்க பின்பக்கம் லேசாகி இழுபடும், அதுவும் மழையில. இரவுல கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போறீங்கள் எண்டா யானை எந்த நேரமும் றோட்டுக்கு வரும், அந்த இடத்துல பிறேக் நேரா பிடிக்கவேணும். குறைக்கிறதெண்டா முன்னுக்குக் குறையுங்கோ, சின்னப் பற்றரி ஒண்டு போட்டாலே சில கிலோ போகும். ஏசியும் முன்பக்கப் பாரம்தான், ஆனா ஆனி ஆடி வெயில்ல ஏசி இல்லாம தினம் ஓடுற கார் உங்களுக்கே வெறுத்துப்போகும், அதை விட்டுடுங்கோ.

லொறி நிறுக்கிற தராசுல முன் சில்லு ரெண்டையும் தனிய ஏத்தி ஒருக்கா, முழுக் காரையும் ஏத்தி ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ, கழட்டமுதலும் கழட்டின பிறகும். அது பத்து இருபது கிலோ கணக்குலதான் காட்டும், அதால கழட்டுற சாமானை வீட்டுல தூக்குத் தராசுல தனித்தனியா நிறுத்து எழுதி வையுங்கோ.