அல்சைமர் ரத்தப் பரிசோதனை: வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

குடியாத்தம், லேப் டெக்னீசியன்: சார், முகாமில் சாயங்காலம் எடுக்கும் ரத்தம் மறுநாள் காலையில்தான் வேலூர் போகிறது. எல்லாருக்குமே அமிலாய்டு 42 குறைவாக வருகிறதே, மெஷின் கோளாறா?

மெஷினைத் திட்டாதீர்கள். அல்சைமரில் மூளையில் படியும் புரதம்தான் அமிலாய்டு; ரத்தத்தில் பார்க்கும் அதன் 42, 40 என்ற இரண்டு வகைகளும் ரத்தம் நிற்க நிற்க இறங்கும். 42-க்கும் 40-க்கும் உள்ள விகிதம் பார்த்தால் கொஞ்சம் ஈடாகும், முழுக்க அல்ல. மூளையில் அமிலாய்டு படிந்தவருக்கும் படியாதவருக்கும் ரத்த விகிதத்தில் வித்தியாசமே 10, 15 சதவீதம்தான். ஒரு ராத்திரி அதை விழுங்கிவிடும். கிட் தாளில் ‘அறை வெப்பம்’ என்பது 20–25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் அறை அப்படியா இருக்கிறது?

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் கோடு வரை நிரப்பி, 8 முறை மெல்லக் கவிழ்த்து, 2 மணி நேரத்துக்குள் முகாமிலேயே சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிவிடுங்கள். அணுக்கள் நீங்கி மேலே தெளியும் பிளாஸ்மாவை பாலிப்ரொப்பிலீன் குழாய்களில் அரை மில்லியாகப் பிரித்து உறைய வையுங்கள்; கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் அமிலாய்டு ஒட்டிக்கொள்ளும். சுழற்றாத ரத்தத்தை ஐஸில் நேராகப் புதைத்தால் அணுக்கள் உடைந்து பிளாஸ்மா சிவக்கும். அல்சைமருக்குப் பார்க்கும் இன்னொரு புரதமான பி-டவ் 217 (பாஸ்பேட் ஏறிய டவ்) இவ்வளவு நோஞ்சான் அல்ல, தாமதத்தைத் தாங்கும்.

ராணிப்பேட்டை: சென்ட்ரிஃப்யூஜை 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3000 சுற்று) வேகத்தில் 10 நிமிடம் ஓட்டினால் போதுமா?

ரோட்டார் ஆரம் எத்தனை சென்டிமீட்டர்? 10 என்றால் 3000-இல் சுமார் 1000 ஜி (புவியீர்ப்பைப் போல 1000 மடங்கு விசை) தான் கிடைக்கும். வேண்டியது 1800–2000 ஜி, அதாவது ஏறக்குறைய 4200 சுற்று. குறைந்தால் தட்டணுக்கள் பிளாஸ்மாவில் தங்கி, உறைந்து உருகும்போது தம்மிடமுள்ள அமிலாய்டைக் கொட்டிவிடும்.

ஆம்பூர், மருத்துவர்: 71 வயது சர்க்கரை நோயாளி, கிரியாட்டினின் 2.8. பி-டவ் 217 உயர்வு. நம்பலாமா?

அப்படியே நம்பாதீர்கள், டாக்டர். கிரியாட்டினின் இவ்வளவு என்றால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது; அப்போது பி-டவ், நரம்புச் சேதத்தைக் காட்டும் என்.எஃப்.எல். புரதம் இரண்டும் ரத்தத்தில் தேங்கும். பாஸ்பேட் ஏறாத டவ் 217-உடன் விகிதம் பார்த்தால் இந்தக் கோணல் பெருமளவு நேராகும். உடல் பருமன் எதிர்ப்பக்கம் இழுக்கும். ரிக்வெஸ்ட் படிவத்திலேயே ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), எடை, உயரம் மூன்றுக்கும் கட்டம் போட்டுவிடுங்கள்.

காட்பாடி, ஆய்வு மாணவர்: நோய் உண்டா இல்லையா என்று பிரிக்கும் வெளிநாட்டு வெட்டு எல்லையை (கட்-ஆஃப்) அப்படியே வைத்துக்கொள்ளலாமா சார்?

வேண்டாம் தம்பி. நம்ம நோயாளிகளில் சிலருக்காவது மூளை அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேனோ முதுகுத்தண்டு நீரோ பார்த்து ஒப்பிட்டு எல்லை வகுக்க வேண்டும். அதுவும் ஒன்றல்ல, இரண்டு: கீழே ‘இல்லை’, மேலே ‘உண்டு’, நடுவில் ‘சொல்ல முடியாது’. 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லுமிபல்ஸ் என்ற அல்சைமர் ரத்தச் சோதனையிலேயே 499 மாதிரிகளில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவை நடுவில்தான் விழுந்தன. நடுப்பகுதியை மறைத்துத் துல்லியம் காட்டும் கட்டுரையை நான் ஒதுக்கிவிடுவேன்.

சத்துவாச்சாரி: அப்பாவுக்கு மறதி நோய். எனக்கு 42 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். லுமிபல்ஸுக்கு அமெரிக்கா தந்த அனுமதியே அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை என்றே வையுங்கள். நூறு பேரில் 10 பேருக்கு மட்டும் நோய் இருந்தால், 9 பேரைச் சரியாகப் பிடிக்கும். இல்லாத இன்னொரு 9 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மறதி கிளினிக்கில் 60 பேருக்கு இருந்தால் 54 சரி, 4 தப்பு. அப்பாவுக்கு பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள்.